குவெஸ்ட் ஹெட்செட்டில் வைஃபை தடுமாறினால்: ரூட்டரைத் திருத்துவதா, புதிது வாங்குவதா, கேபிளுக்குப் போவதா?

வி.ஆர். ஹெட்செட்டில் படம் உறைந்து நிற்க ஆரம்பித்தால் பலரும் முதலில் செய்வது, இணைய நிறுவனத்துக்கு போன் போட்டு பிளானை உயர்த்துவதுதான். 100 எம்பிபிஎஸ் 300 ஆகிறது. படம் மட்டும் முன்பு உறைந்த மாதிரியே உறைகிறது. கணினி விளையாட்டை ஒயரில்லாமல் ஹெட்செட்டுக்கு அனுப்பும் ஏர் லிங்க், வர்ச்சுவல் டெஸ்க்டாப், ஸ்டீம் லிங்க் எதில் ஆடினாலும் கணினியில் ஓடும் விளையாட்டின் வீடியோ இணையத்துக்குப் போவதே இல்லை. கணினியிலிருந்து ரூட்டருக்கு, ரூட்டரிலிருந்து ஹெட்செட்டுக்கு என்று வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. உள்நுழைவுக்கும், ஸ்டோருக்கும், மற்றவர்களோடு சேர்ந்து ஆடுவதற்கும்தான் வெளி இணையம் வேண்டும்.

ஆக, பாதை மூன்று துண்டு: ஹெட்செட்டிலிருந்து ரூட்டர் வரை காற்று, ரூட்டரிலிருந்து கணினி வரை, ரூட்டரிலிருந்து வெளி இணையம் வரை. எந்தத் துண்டில் கோளாறு என்று தெரியாமல் செலவு செய்தால் பணம் வீண். இங்கே எடுத்துக்கொண்டிருப்பது மெட்டாவின் குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3, 3எஸ் ஆகியவை. குவெஸ்ட் 2-இல் இருப்பது வைஃபை 6. மற்ற இரண்டிலும் வைஃபை 6இ. பிக்கோ 4 வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் சோதனை

போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, ஹெட்செட்டை அதில் இணையுங்கள். ஸ்டோர் திறக்கிறதா, யூடியூப் ஓடுகிறதா? ஓடினால் ஹெட்செட்டின் ரேடியோ நன்றாகத்தான் இருக்கிறது. தகராறு வீட்டு ரூட்டரில். ஹாட்ஸ்பாட்டிலும் ஓடவில்லை என்றால் ஹெட்செட்டைத்தான் பார்க்க வேண்டும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து முழுதாக அணைத்துப் போடுங்கள் (தலையிலிருந்து கழற்றி வைப்பது வெறும் தூக்கம், அது கணக்கில் வராது). பிறகு சேமித்த வைஃபையை 'ஃபர்கெட்' கொடுத்து மறுபடி சேருங்கள். ஃபேக்டரி ரீசெட் கடைசி ஆயுதம்: அணைந்த நிலையில் பவரும் வால்யூம் குறைக்கும் பட்டனும் சேர்த்துப் பிடித்தால் அந்த மெனு வரும். செய்தால் ஹெட்செட்டில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் மற்ற எல்லாவற்றையும் முயன்ற பிறகே அந்தப் பக்கம் போங்கள்.

கணினி இல்லாமல் தனியாகப் பயன்படுத்துபவர்கள்

இவர்கள் எதுவும் வாங்கத் தேவையில்லை என்பதே எங்கள் முடிவு. 'கனெக்டட், ஆனால் இணையம் இல்லை' என்று வந்தால் ஹெட்செட்டின் தேதி, நேரத்தைப் பாருங்கள். மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடந்த ஹெட்செட்டில் கடிகாரம் பின்தங்கியிருக்கும். நேரம் தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ் சரிபார்ப்பு தோற்று, வைஃபை முழுக்கோடு காட்டினாலும் எந்தப் பக்கமும் திறக்காது.

அடுத்த சந்தேகம் டிஎன்எஸ் (தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் சேவை) மேல். வீட்டில் விளம்பரத் தடுப்பு டிஎன்எஸ் போட்டு, ஃபேஸ்புக்கின் முகவரிகளை மொத்தமாக அடைத்து வைத்திருந்தால் குவெஸ்டும் சேர்ந்து முடங்கும். அதன் உள்நுழைவும் அந்த முகவரிகளை நம்பித்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்காகப் போட்ட பேரன்ட்டல் கண்ட்ரோலும் இதே வேலையைச் செய்யும். அமைக்கும் கட்டத்திலேயே போன் ஆப் ஹெட்செட்டைக் கண்டுபிடிக்கவில்லையா? போனில் விபிஎன் ஓடுகிறதா, ப்ளூடூத் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஹெட்செட் வைஃபை பெயரைக் காட்டுகிறது, பாஸ்வேர்டு சரி, ஆனாலும் சேர மறுக்கிறது என்றால் ரூட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த அமைப்பில் சில ரூட்டர்கள் குழப்பும். டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும் என்று மாற்றிப் பாருங்கள். பழைய குறியாக்க முறையான 'டிகேஐபி' எங்கேயாவது தேர்வாகியிருந்தால் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். அதில் இணைந்த கருவிக்கு 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்ட அனுமதியில்லை. ரூட்டர் மெனுவில் 'டபிள்யூஎம்எம்' (வீடியோ, குரல் போன்றவற்றுக்கு முன்னுரிமை தரும் அமைப்பு) அணைந்திருந்தாலும் அதே கதிதான்.

கணினியிலிருந்து ஆடுபவர்களின் கணக்கு வேறு

90 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 90 படம்) ஆடினால் ஒரு ஃப்ரேமுக்கு 11.1 மில்லிசெகண்ட், 120 ஹெர்ட்ஸில் 8.3 மட்டுமே. ஏர் லிங்க்கின் உச்சமான 200 எம்பிபிஎஸ்ஸில் வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் சுமார் 2.2 மெகாபிட், அதாவது 278 கிலோபைட் அளவில் ஒரு மூட்டையாக வந்து விழுகிறது. ஹெட்செட் 1200 எம்பிபிஎஸ் இணைப்பு வேகத்தில் இருந்தால், நடைமுறையில் அதில் பாதிக்குச் சற்று மேல் கிடைக்கும். மூட்டை மூன்று மில்லிசெகண்டில் வந்து சேர்ந்துவிடும். அதே ஹெட்செட் இரண்டு சுவர் தாண்டி 300-க்கு இறங்கிவிட்டால் அதற்குப் பதின்மூன்று மில்லிசெகண்ட் பிடிக்கும். அதற்குள் அடுத்த ஃப்ரேமின் நேரமே வந்துவிடுகிறது. இணைப்பு வேகமாகப் பார்த்தால் 300 எம்பிபிஎஸ் என்பது பிரமாதமான எண். கண்ணுக்கு முன்னால் அது திக்கித் திக்கி ஓடும் படம்.

எந்தத் துண்டு இழுக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. வர்ச்சுவல் டெஸ்க்டாப்பின் ஸ்ட்ரீமிங் பக்கத்தில் பெர்ஃபார்மன்ஸ் ஓவர்லே என்று ஒன்று உண்டு. அது தாமதத்தை கேம், என்கோடிங், நெட்வொர்க்கிங், டிகோடிங் என்று நான்காகப் பிரித்துக் காட்டும். நெட்வொர்க்கிங் எண் பத்து மில்லிசெகண்டுக்குள் நிற்கிறது, நடக்கும்போதோ திரும்பும்போதோ மட்டும் துள்ளுகிறது என்றால் காற்றுத் துண்டுதான் பலவீனம். உட்கார்ந்தே இருந்தாலும் எப்போதும் உயரத்தில் நின்றால் கணினிப் பக்க ஒயரையோ, கணினியே வைஃபையில் இருப்பதையோ சந்தேகியுங்கள். என்கோடிங் (வீடியோவைச் சுருக்குவது) உயர்ந்தால் கிராபிக்ஸ் கார்டு திணறுகிறது. டிகோடிங் (சுருக்கியதை விரிப்பது) உயர்ந்தால் ஹெட்செட்டின் சிப்புக்கு நீங்கள் கொடுத்த பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் வீடியோ தரவின் அளவு) அதிகம். கடைசி இரண்டுக்கும் எந்த ரூட்டரும் மருந்தாகாது. புது ரூட்டர் வாங்கியும் சரியாகவில்லை என்று புலம்பும் வீடுகளில் பாதிக் கதை இதுதான்.

வழி ஒன்று: இருக்கும் ரூட்டரையே திருத்துவது

செலவில்லாத வழி. ஆகவே எல்லோரும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கணினி ரூட்டரோடு ஒயரில் இருக்கட்டும். கணினியும் ஹெட்செட்டும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் காற்றில் இருமுறை பறக்கிறது. ஒரே சேனலை இருவரும் முறைவைத்துப் பிடிக்க வேண்டும். ஒயர் செருகியபின் விண்டோஸின் ஈத்தர்நெட் செட்டிங்ஸில் 'லிங்க் ஸ்பீட்' என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 1000/1000 என்று இருக்க வேண்டும். 100/100 என்று இருந்தால் அங்கேயே நில்லுங்கள், குற்றவாளி கிடைத்துவிட்டான்.

100 காட்டுவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று கேபிள். கிகாபிட்டுக்கு எட்டு கம்பிகளும் தொட வேண்டும். நான்கு மட்டும் தொட்டால் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், இணைப்பு அறுந்ததாகவும் காட்டாது. கிளிப் உடைந்த, கதவிடுக்கில் நசுங்கிய பழைய ஒயர்களில் இது சகஜம். கேட்5இ ஒயர் ஒன்றை மாற்றிச் செருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்னொரு காரணம் ரூட்டரின் போர்ட். பெட்டியில் 'ஏசி1200' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, பின்னால் 10/100 போர்ட்டுகள் வைத்த ரூட்டர்கள் ஏராளம். அந்த 1200 என்பது 2.4-இன் 300-ஐயும் 5-இன் 867-ஐயும் கூட்டிய விளம்பரக் கணக்கு. ஒயரில் போக முடிவது 100-க்கும் கீழ். ஏர் லிங்க் டைனமிக் பிட்ரேட்டில் இருந்தால் படம் திக்காது, கலங்கலாக மாறும். ஃபிக்ஸடில் 200 வைத்தால் சுத்தமாக உறையும்.

ஒயர் சரி என்றால் அடுத்தது பேண்ட், அதாவது அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் மூன்றே: 1, 6, 11. பக்கத்து வீட்டார், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லோருக்கும் அதே மூன்றுதான். ஸ்ட்ரீமிங்குக்கு அது ஆகவே ஆகாது. 'ஸ்மார்ட் கனெக்ட்' அல்லது பேண்ட் ஸ்டீரிங் என்ற அமைப்பை அணைத்து, 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வையுங்கள். ஹெட்செட்டில் 2.4-இன் பெயரை மறக்கச் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒருமுறை சிக்னல் குறைந்ததும் அங்கே தாவி, திரும்பி வர மறுத்து உட்கார்ந்துகொள்ளும்.

5 கிகாஹெர்ட்ஸில் சேனல் 'ஆட்டோ' வேண்டாம். அகலம் 80 மெகாஹெர்ட்ஸ், சேனல் 36 முதல் 48-க்குள் ஒன்று அல்லது 149 முதல் 161-க்குள் ஒன்று. இடையில் 52-இலிருந்து 144 வரை உள்ளவை ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் டிஎஃப்எஸ் சேனல்கள். ரேடார் மாதிரி எதையாவது கேட்டால் ரூட்டர் பத்து விநாடிக்குள் அந்தச் சேனலைக் காலி செய்தாக வேண்டும், அரை மணி நேரம் திரும்பக் கூடாது, புது டிஎஃப்எஸ் சேனலுக்குப் போனால் குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்த பிறகே பேச வேண்டும். 'நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று துண்டானது, கொஞ்ச நேரத்தில் தானே வந்தது' என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். மறுபுறம், 36-உம் 149-உம் பக்கத்து வீடுகளால் நிரம்பி வழியும் அடுக்ககத்தில் ரேடார் தொந்தரவு இல்லாத இடமாக இருந்தால் 100-ஐ முயன்று பார்ப்பதில் தப்பில்லை. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு 149 பல ரூட்டர்களில் கிடைக்கவே கிடைக்காது. அவர்களுக்கு 36-ஐ விட்டால் டிஎஃப்எஸ்தான்.

கணினி ஹெட்செட்டின் கண்ணில் படவே இல்லை என்பது வேறு வகை. ஹெட்செட் 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தாலோ, ரூட்டரில் 'ஏபி ஐசோலேஷன்' போட்டிருந்தாலோ ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காது. விண்டோஸில் அந்த நெட்வொர்க் 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருந்தால் ஃபயர்வால் தடுக்கும், 'பிரைவேட்' ஆக்குங்கள்.

ரூட்டரை வைக்கும் இடமும் முக்கியம். விளையாடும் அறையிலேயே, தரையிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், இரும்பு பீரோவின் ஓரத்தில் வைத்துவிட்டு சேனல் மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை. நம்மூர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்றைத் தாண்டினாலே 5 கிகாஹெர்ட்ஸ் பாதி உயிரோடுதான் வரும். உங்கள் தலையும் உடம்பும்கூட ஒரு சுவர் மாதிரிதான். ரூட்டருக்கு முதுகைக் காட்டும்போது மட்டும் திக்கினால் ரூட்டரை உயரத்தில், தலைக்கு மேலே வையுங்கள்.

வழி இரண்டு: ஹெட்செட்டுக்கென்று ஒரு ரூட்டர்

மேலே சொன்னதெல்லாம் செய்தும் ரூட்டர் ஹாலில், விளையாட்டு படுக்கையறையில் என்றால், அல்லது இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியில் எதையும் மாற்ற முடியவில்லை என்றால், நாங்கள் கைகாட்டுவது இந்த வழியைத்தான். நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் சாதாரண வைஃபை 6 ரூட்டர் போதும். பார்க்க வேண்டியவை: எல்லா போர்ட்டும் கிகாபிட்டா, 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் உண்டா, ஏபி மோட் (ரூட்டர் வேலையை விட்டுவிட்டு வைஃபை மட்டும் கொடுக்கும் முறை) உண்டா. எட்டு ஆன்டெனா, கேமிங் விளக்குகள் எதுவும் வேண்டாம். குவெஸ்ட் ஒரே நேரத்தில் வாங்கும் தரவோடைகள் இரண்டுதான், மிச்ச ஆன்டெனாக்கள் அதற்குப் பெரிதாக உதவா.

இணைக்கும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கணினியைப் புது ரூட்டரில் செருகுங்கள், பழையதில் அல்ல. பழைய பெட்டியிலிருந்து புதியதுக்கு ஒரே ஒயர் போகட்டும். அப்போதுதான் வீடியோ புது ரூட்டருக்குள்ளேயே சுழலும்; பழைய பெட்டியின் 100 எம்பிபிஎஸ் போர்ட் வழியில் நிற்காது, அது இணையத்துக்கு மட்டும். புதியதை ஏபி மோடில் வையுங்கள். அந்த மோட் இல்லாத ரூட்டர் என்றால் கருவிகளுக்கு முகவரி பங்கிடும் அதன் டிஎச்சிபியை அணைத்து, அதற்குப் பழையதோடு மோதாத ஒரு முகவரியைக் கொடுத்து (பழையது 192.168.1.1 என்றால் 192.168.1.2), இணையம் வருவதற்கான வான் போர்ட்டை விட்டுவிட்டு லேன் போர்ட்டில் ஒயரைச் செருகுங்கள். இதைச் செய்யாமல் வான் போர்ட்டில் செருகி, கணினி பழையதிலும் ஹெட்செட் புதியதிலும் இருந்தால் இரண்டும் வேறு வேறு நெட்வொர்க். ஏர் லிங்க் கணினியைக் கண்டுபிடிக்காது.

அந்த 5 கிகாஹெர்ட்ஸ் பெயரின் பாஸ்வேர்டை வீட்டில் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒரு பழைய போன் மூலையில் பலவீனமான சிக்னலில் ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பேசினால், அது பேசி முடிக்கும்வரை ஹெட்செட்டும் காத்திருக்க வேண்டும். பழைய ரூட்டர் 36-இல் இருந்தால் புதியதை 149-இல் வையுங்கள்.

வழி மூன்று: கணினியையே ரூட்டராக்குவது

விண்டோஸின் மொபைல் ஹாட்ஸ்பாட் இலவசம். கணினியில் வைஃபை 6 கார்டும் இருந்து, இணையம் ஒயரில் வந்தால் முயலலாம். பேண்டை 5 கிகாஹெர்ட்ஸ் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். பவர் சேவிங்கை அணையுங்கள். சிக்கல் என்னவென்றால் இன்டெல் கார்டுகள் பலவற்றில் நாட்டு விதிகளைக் காரணம் காட்டி 5 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட் எழும்பவே எழும்பாது. எழும்பினாலும் விண்டோஸ் இடையிடையே வேறு நெட்வொர்க்குகளைத் தேடப் போகும்போது, சீரான இடைவெளியில் படம் ஒரு குலுக்கு குலுக்கும். மேசைக்கடியில் இரும்புப் பெட்டியின் பின்னால் இருக்கும் இரண்டு குட்டி ஆன்டெனா ரூட்டருக்கு ஈடாகவும் ஆகாது.

இதையே ஒழுங்காகச் செய்ய டி-லிங்க் 2022-இல் 'விஆர் ஏர் பிரிட்ஜ்' என்ற யூஎஸ்பி கருவியை மெட்டாவோடு சேர்ந்து கொண்டுவந்தது. வேலை செய்யும்தான். ஆனால் அந்த விலைக்குப் பல இடங்களில் ஒரு ரூட்டரே வந்துவிடும், அதை வேறு எதற்கும் பயன்படுத்தவும் முடியும். லேப்டாப் வைத்துக்கொண்டு அடிக்கடி இடம் மாறுபவர்களுக்கு மட்டும் இதில் அர்த்தம் உண்டு.

6 கிகாஹெர்ட்ஸுக்குப் பணம் போடலாமா?

குவெஸ்ட் 2 வைத்திருந்தால் வேண்டாம்; அதால் 6 கிகாஹெர்ட்ஸைப் பார்க்கவே முடியாது. குவெஸ்ட் 3, 3எஸ் என்றால் யோசிக்கலாம். இதன் லாபம் வேகத்தை விடக் கூட்டமின்மையில்தான் அதிகம். பக்கத்து வீட்டு ரூட்டர்கள் இன்னும் அங்கே குடியேறவில்லை. அமெரிக்கா 2020-இல் 5925 முதல் 7125 மெகாஹெர்ட்ஸ் வரை முழுவதையும் திறந்தது. 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஏழு சேனல்கள் அங்கே கிடைக்கின்றன. இந்தியாவில் கீழ்ப்பகுதியான 5925 முதல் 6425 வரை உரிமமின்றிப் பயன்படுத்துவதற்கான வரைவு விதிகள் 2025 மே மாதம் வெளியாயின. 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அதில் மூன்று சேனல்கள் அடங்கும். எந்த நாட்டிலும் அந்த நாட்டுக்கான மாடலையே வாங்குங்கள். 'வைஃபை 7' என்று பார்த்ததும் ஏமாறவும் வேண்டாம்: 2.4, 5 இரண்டு மட்டும் உள்ள வைஃபை 7 ரூட்டர்களும் கடைகளில் உண்டு. பெட்டியில் 6 கிகாஹெர்ட்ஸ் என்ற எண்ணையே தேடுங்கள்.

6 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ3 கட்டாயம். சுவரை 5-ஐ விடவும் மோசமாகத்தான் தாண்டும். அதே அறையில் ரூட்டர் வைக்க வழியில்லாதவர்களுக்கு இது பணத்தைக் கரைக்கும் வழி. தனிவீடும், ஆளில்லாத சேனல் 149-உம் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் இதற்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் சொற்பம்.

வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் மெஷ், எக்ஸ்டெண்டர் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒயர் இல்லாத மெஷ்ஷில் ஒவ்வொரு ஃப்ரேமும் கூடுதலாக ஒருமுறை காற்றில் தாவுகிறது. படம் பார்க்க நல்லது, வி.ஆருக்கு ஆகாது. மெஷ் பெட்டிக்குப் பின்னால் ஒயர் இழுத்துவிட்டால் அது வழி இரண்டாகிவிடும்.

கேபிள்

உட்கார்ந்து ஆடும் கார் பந்தயம், விமான சிமுலேட்டர் இவைதான் உங்கள் ஆட்டம் என்றால், இவ்வளவு தலைவலியும் எதற்கு? யூஎஸ்பி 3 கேபிள் ஒன்று வாங்கி லிங்க்கில் (ஏர் லிங்க்கின் ஒயர் வடிவம்) ஆடுங்கள். சாதாரண செம்புக் கேபிள் மூன்று மீட்டர் வரை நம்பகம். ஐந்து மீட்டர் வேண்டும் என்றால் உள்ளே சிப் உள்ள ஆக்டிவ் வகையோ, மெட்டா விற்கும் ஃபைபர் வகையோ வாங்க வேண்டும். கணினியின் முன்பக்கப் போர்ட்டை விட மதர்போர்டின் பின்பக்கப் போர்ட் மேல். செருகியதும் கணினியில் மெட்டாவின் ஆப்பில் உள்ள கேபிள் சோதனையை ஓட்டுங்கள். யூஎஸ்பி 2 என்று காட்டினால் சி முனையைத் திருப்பிச் செருகிப் பாருங்கள், பிறகு போர்ட்டை மாற்றுங்கள். யூஎஸ்பி 2-இலும் லிங்க் ஓடும். பிட்ரேட்டைக் குறைத்து வைத்தால் போதும்.

பேட்டரி மட்டும் கவனம். பல போர்ட்டுகள் கொடுக்கும் மின்சாரம் ஹெட்செட் தின்பதை விடக் குறைவு. செருகியிருந்தும் சில மணி நேரத்தில் சார்ஜ் இறங்கிவிடும்.

ஹாஸ்டல், மேன்ஷன் மாதிரி ரூட்டர் உங்கள் கையில் இல்லாத இடங்களிலும் கேபிள்தான் முதல் தேர்வு. அங்கே பிரவுசரில் பெயர், ரூம் எண் கேட்டு உள்ளே விடும் வைஃபையில் ஹெட்செட் சேருவதே பாடு. சேர்ந்தாலும் ஐசோலேஷன் போட்டிருப்பார்கள், கணினி தெரியாது. கேபிள் வேண்டாம் என்றால் ஒரு டிராவல் ரூட்டர் வாங்கி, ஹாஸ்டல் வைஃபையை அது வாங்கும்படியும் கணினி அதில் ஒயரில் இருக்கும்படியும் வையுங்கள். உள்நுழைவுப் பக்கத்தை அதன் வழியாக லேப்டாப்பில் ஒருமுறை முடித்துவிட்டால் ஹெட்செட்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அந்த டிராவல் ரூட்டரும் கிகாபிட் போர்ட்டுதானா, ஹாஸ்டலின் 2.4-ஐ வாங்கிக்கொண்டே உங்களுக்கு 5-ஐத் தனியாகக் கொடுக்குமா என்று வாங்கும் முன் பார்த்துவிடுங்கள். ஒரே ரேடியோவில் இரண்டு வேலையும் செய்யும் மலிவு மாடல் என்றால் மெஷ்ஷுக்குச் சொன்ன அதே கோளாறு இங்கேயும் வந்துவிடும்.